நாலாம் வரிசையில் நிரப்பிய சோப்பு

பெருமதிப்புக்குரிய கணக்கு ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். "அன்புள்ள சம்பந்தி" என்றுதான் முதலில் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்குப் பிறகு அப்படி எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று சந்தேகம் வந்து, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தேன். இங்கே நாங்கள் நலம் என்று எழுதுவது வழக்கத்துக்காகத்தான். அங்கே தாங்களும், தங்கள் துணைவியாரும், கைதட்டிச் சிரிக்கும் தங்கள் அக்காவும், மாப்பிள்ளையும் (அவரை இன்னும் அப்படிச் சொல்லலாம் என்றால்) நலமாக இருக்கிறீர்களா? எங்கள் வாசலில் வழுக்கியபோது பிடித்துக்கொண்ட தங்கள் இடுப்பும், நனைந்துபோன சாம்பல் நிறப் பேன்ட்டும் தேறிவிட்டனவா? இதையெல்லாம் கேட்கத் தொலைபேசியைத் தொடும் தைரியம் என் வீட்டில் யாருக்கும் இல்லாததால் கடிதம் எழுதுகிறேன். தங்கள் மேல் எனக்குள்ள மரியாதையைக் காட்ட, கடையில் இருந்ததிலேயே விலை அதிகமான தாளாகப் பார்த்து வாங்கினேன். மை ஊறி எழுத்து பின்பக்கமும் தெரிந்தால் அது என் கைக்கோளாறு அல்ல, தாள் அவ்வளவு உயர்ந்த ரகம். விரைவுத் தபால் உறையும் வாங்கி வைத்திருக்கிறேன். சாதாரணத் தபாலுக்கு ஆவதைப் போல மூன்று மடங்கு.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெற்ற மேற்பார்வையாளர் என்பது தங்களுக்குத் தெரியும். எதை மேற்பார்த்தேன் என்பது தெரியாது, ஏனென்றால் அதைச் சொல்லக் கூடாது என்று என் மகள் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இப்போது எல்லாம் கொட்டிக் கவிழ்ந்துவிட்டதால் சொல்கிறேன். முப்பத்தொரு வருஷம் ஒரு சோப்புத் தொழிற்சாலையில், கை கழுவும் திரவ சோப்பை பாட்டிலில் நிரப்பும் நாலாம் வரிசை என் பொறுப்பு. மேலே ஒரு பெரிய தொட்டி, அதிலிருந்து இறங்கும் ஒரே குழாய். காலையில் அந்தக் குழாயிலிருந்து வருவதைப் பிடித்து வெள்ளை லேபிள் ஒட்டுவோம். அது மலிவு சோப்பு. பதினோரு மணிக்கு மணியடிக்கும், எல்லாரும் டீ குடிக்கப் போவார்கள், நான் வெள்ளை லேபிள் சுருளைக் கழற்றிவிட்டுத் தங்க எழுத்துச் சுருளை மாட்டுவேன், பாட்டிலும் இடுப்பு வளைந்த பாட்டிலாக மாறும். டீ குடித்துவிட்டு வந்து அதே குழாயைத் திறப்போம், விலை மூன்று மடங்கு. தொட்டி அதே தொட்டி ஐயா, அதில் ஒரு சொட்டு கூட யாரும் சேர்க்கவில்லை, டீ கூடச் சேர்க்கவில்லை. இதை முப்பத்தொரு வருஷம் தினமும் கண்ணால் பார்த்தவன் எப்படி நிம்மதியாகக் கடைக்குப் போக முடியும், நீங்களே சொல்லுங்கள். ஒவ்வொரு பாட்டிலின் அடியிலும் எழும்பிய எழுத்தில் குட்டியாக ஒரு எண் இருக்கும், முதல் இலக்கம் எந்த வரிசை, மற்றது எந்த நாள். அந்த எண்ணைச் சரிபார்ப்பதும் என் வேலை என்பதால் எந்த பாட்டில் கையில் கிடைத்தாலும் தலைகீழாகக் கவிழ்த்து அடியைப் பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. வேலை ஓய்வு பெற்றது, கை ஓய்வு பெறவில்லை.

சென்ற மாதம் தங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தபோது சாப்பாட்டு மேஜையில் இருந்த தக்காளி சாஸ் பாட்டிலை நான் கவிழ்த்ததற்கும் அதுதான் காரணம். மூடி சரியாக மூடாமல் இருந்தது என் அதிர்ஷ்டம். தங்கள் மேஜை விரிப்பு வெள்ளை நிறமாக இருந்தது அதைவிட அதிர்ஷ்டம். தங்கள் துணைவியார் "பரவாயில்லைங்க, பழைய துணிதான்" என்று சொன்ன தொனியிலேயே அது புதுத்துணி என்று தெரிந்துவிட்டது. திரும்பி வரும் வழியில் பேருந்தில் என் மகள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கண் மருத்துவமனையில் நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைப் பரிசோதிக்கிறவள், அன்றைக்கு என் கண்ணைப் பார்க்கவே இல்லை. வீட்டு வாசலில்தான் வாயைத் திறந்தாள்.

"அப்பா, அவங்க நம்மள என்னன்னு நினைப்பாங்க? எல்லாத்தையும் தூக்கித் தூக்கி விலை பாக்கற குடும்பம்னுதானே?"

"விலை பாக்கலம்மா, எண்ணைத்தான் பாத்தேன்."

"அது அவங்களுக்குத் தெரியுமா? தேதி குறிக்க அவங்க நம்ம வீட்டுக்கு வரும்போது எதையும் தூக்கக் கூடாது. கை ரெண்டும் மடியிலேயே இருக்கணும். அப்புறம், வீட்டுல இருக்கற மலிவு சாமான் ஒண்ணு கூட அவங்க கண்ணுல படக் கூடாது."

லிஃப்டில் மாட்டிக்கொண்டவளை லிஃப்ட் பழுது பார்க்க வந்த தங்கள் மகன் வெளியே எடுத்து, இரண்டு வருஷம் பேசிப் பழகி, இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்த கல்யாணம் ஐயா இது. அது ஒரு சாஸ் பாட்டிலால் நின்றுவிடுமோ என்று அவள் பயந்ததில் தப்பே இல்லை. நானும் பயந்தேன். அதனால் சரியென்றேன்.

அம்மாவும் மகளும் சேர்ந்து இரண்டு நாள் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். வீட்டில் இருந்த சாமான் எல்லாம் அட்டைப்பெட்டியில் கட்டிலுக்கு அடியில் போய், அந்த இடத்தில் விலையுயர்ந்த சாமான் வந்து உட்கார்ந்தது. துண்டு, டீ, உப்பு, பல்பு. பல்புக்கு எதற்கு இந்த விலை என்று கேட்டேன். "கைதட்டினா எரியும், கைதட்டினா அணையும், சுவிட்சே வேண்டாம்" என்றாள் என் மனைவி. சுவிட்ச்தான் ஏற்கனவே சுவரில் இருக்கிறதே, அதற்குக் காசும் கொடுத்தாயிற்றே என்று சொல்ல வாயெடுத்தேன், மகள் என் கையைப் பார்த்தாள், இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது தங்களுக்குத் தெரியும், ஆனால் தாங்கள் பார்த்தது முன்பக்கம் மட்டும்தான், நடந்ததன் உள்பக்கத்தை நான் சொல்கிறேன். மழையில் வந்த தாங்கள் முகம் கழுவிவிட்டு வந்தீர்கள் அல்லவா, அப்போது தங்கள் முகமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தது, மீசை சுத்தமாக நரைத்தே போயிருந்தது. அந்தப் புதுத்துண்டின் வேலை அது. அவ்வளவு தடிமனான துண்டு, தண்ணீரை உறிஞ்சாது, உள்ளே இருப்பதை வெளியே விடும். எங்கள் பழைய துண்டு காகிதம் மாதிரி மெலிசு, ஆனால் ஒரே துடைப்பில் முகம் காய்ந்துவிடும். தங்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம், யாரும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் தாங்கள் அதே முகத்தோடு திருமணச் செலவைப் பற்றிப் பேசினீர்கள். அடுத்து டீ. பட்டுத்துணியில் கட்டிய சின்னப் பொட்டலத்தை வெந்நீரில் போட்டுக் கொடுத்தாள் என் மனைவி. எவ்வளவு நேரம் போட்டாலும் அது நிறம் மாறாது என்று டப்பாவிலேயே பெருமையாக எழுதியிருந்தது. தாங்கள் ஒரு வாய் குடித்துவிட்டு, "வெந்நீர் குடிக்கறது உடம்புக்கு நல்லது" என்று சொன்னீர்கள். அந்தப் பெருந்தன்மையை நான் மறக்க மாட்டேன். பிறகு சூப் வந்தது, கூடவே அந்த உப்பு. இளஞ்சிவப்புக் கல் உப்பு, அதை அரைக்க மரத்தில் ஒரு குட்டி ஆலை. தங்கள் துணைவியார் திருகினார், உப்பு வரவில்லை. தாங்கள் திருகினீர்கள், வரவில்லை. மாப்பிள்ளை, இயந்திரம் தெரிந்தவர், "இது எதிர்ப்பக்கம்மா" என்று வாங்கித் திருகினார், அடிப்பாகம் கழன்று மொத்த உப்பும் தங்கள் அக்காவின் சூப்பில் விழுந்தது. உப்பு உப்புதான் ஐயா. அதற்கு நிறம் எதற்கு, ஆலை எதற்கு, ஒரு கரண்டி போதாதா, கடல் உப்பும் மலை உப்பும் நாக்குக்கு ஒன்றுதானே. மன்னிக்கவும். மன்னிப்புக் கேட்கும் கடிதத்தில் இதையெல்லாம் எழுதக் கூடாது என்று தெரியும், கை தானாக எழுதிவிட்டது.

இவ்வளவுக்கும் நான் மடியில் வைத்த கையை எடுக்கவே இல்லை. தாங்கள் அன்போடு கொண்டு வந்த பரிசுக் கூடை என் பக்கத்திலேயே இருந்தது. பழங்களுக்கு நடுவில், ரோஜா நிற ரிப்பன் கட்டி, தங்க எழுத்தோடு, இடுப்பு வளைந்த பாட்டில். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. என் குழந்தையை இன்னொருவர் வீட்டுத் தொட்டிலில் பார்த்தது போல இருந்தது. ஆனாலும் தொடவில்லை. மகள் என்னைப் பார்த்து ஒரு முறை சிரித்தாள், அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்து மணி நேரம் கூட அப்படியே உட்கார்ந்திருப்பேன். பிறகு தாங்கள் டயரியைப் பிரித்து, விரலை மடக்கிக் கணக்குப் பார்த்து, "அடுத்த மாசம் கடைசி ஞாயிறு, எல்லாருக்கும் சௌகரியமா?" என்று கேட்டீர்கள். தங்கள் அக்கா சந்தோஷம் தாங்காமல் படபடவென்று கைதட்டினார்.

பல்பு அணைந்துவிட்டது.

வெளியே மழை, ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது, கும்மிருட்டு. "ஐயோ, யாரும் கைதட்டாதீங்க, ஒரு தட்டு தட்டினா போதும்" என்று சொல்லிக்கொண்டே என் மனைவி ஒரு தட்டு தட்டினாள், எரிந்தது. தங்கள் துணைவியார் ஆச்சரியத்தில் ஒரு தட்டு தட்டினார், அணைந்தது. தங்கள் அக்கா சிரித்தபடியே மறுபடி தட்ட, மாப்பிள்ளை அதே நேரத்தில் தட்ட, எரிந்து அணைந்தது. "நான் பாத்துக்கறேன்" என்று அவர் நாற்காலி மேல் ஏறும் சத்தம் கேட்டது. அந்த இருட்டில், ஐயா, யாரும் என்னைப் பார்க்கவில்லை என்று என் கைக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. நான் சத்தியமாக நினைக்கவே இல்லை. கை தானே போயிற்று, தானே எடுத்தது, தானே கவிழ்த்தது. இருட்டில் எண் தெரியாது என்பது கூட அதற்கு ஞாபகம் வரவில்லை, விரலால் தடவிப் படித்தது, எழும்பிய எழுத்து அல்லவா. மூடி சட்டென்று கழன்று கையோடு வந்துவிட்டது. விளக்கு எரிந்தபோது நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன், தாங்கள் கொடுத்த பரிசு என் கையில் தலைகீழாக இருந்தது, சோப்பு தங்கள் பேன்ட்டில் ஒழுகிக்கொண்டிருந்தது, நான் வாய் கொள்ளாத மகிழ்ச்சியோடு சொல்லிக்கொண்டிருந்தேன்:

"நாலாம் வரிசை! எனக்குத் தெரியும்! வெளியதான் தங்க எழுத்து, உள்ள இருக்கறது மலிவு சோப்புதான்!"

தங்கள் முகம் வெளுத்ததை அந்தப் பஞ்சுக்கு நடுவிலும் நான் பார்த்தேன். "நேரமாச்சு, கிளம்பலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு டயரியை மூடினீர்கள், எழுந்தீர்கள், வாசலில் சோப்பில் வழுக்கினீர்கள், மழையில் இறங்கிப் போய்விட்டீர்கள். தேதியை டயரியில் எழுதவே இல்லை என்று என் மகள் சொன்னாள். அவள் பார்வை கூர்மை.

இன்றோடு நாலு நாள். தங்கள் வீட்டிலிருந்து தகவல் இல்லை. மாப்பிள்ளை பேசுகிறார், ஆனால் "அப்பா எதுவும் சொல்ல மாட்டேங்கறாரு" என்பதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. என் மகள் என்னோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேலைக்குப் போகிறாள், வருகிறாள், "சாப்பிட்டீங்களாப்பா" என்று கேட்கிறாள், அறைக்குள் போய்விடுகிறாள். அந்தச் சோப்பைத் துடைக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று, துடைக்கத் துடைக்க நுரை பெருகியது, கட்டிலுக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டி வரைக்கும் போயிருந்தது. மண்டியிட்டுத் துடைத்தபடி யோசித்தேன். நான் சொன்னது சரியாகவே இருந்தாலும் அதனால் யாருக்கு என்ன லாபம்? என் பெண்ணின் கல்யாணத்தை விட ஒரு பாட்டிலின் அடி எனக்கு முக்கியமா? வெட்கமாக இருந்தது ஐயா. அழுகையும் வந்தது, நுரை கண்ணில் பட்டதாகச் சொல்லிச் சமாளித்தேன்.

இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும், இதுதான் இந்தக் கடிதத்தில் மிக முக்கியம். பாட்டிலில் கால்வாசி மிச்சம் இருந்தது. வீணாக்க மனம் வராமல் கை கழுவும் இடத்தில் வைத்து நாலு நாளாக அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஐயா, நான் பொய் சொல்ல மாட்டேன். அந்த வழவழப்பு, அந்த மணம், கை கழுவி அரை மணி கழித்தும் விரலில் நிற்கிற அந்த மென்மை, எங்கள் வீட்டு வெள்ளை லேபிளில் இது கிடையவே கிடையாது. நான் ஓய்வு பெற்ற பிறகு தங்க எழுத்துச் சோப்பில் ஏதோ உயர்ந்த சரக்கைச் சேர்க்க ஆரம்பித்திருக்கிறார்கள், சந்தேகமே இல்லை. முப்பத்தொரு வருஷம் நான் நம்பியது தப்பு. விலை கூடினால் தரமும் கூடும் என்று, முழு சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், இந்தக் கடிதத்தின் மூலம் ஒப்புக்கொள்கிறேன். தங்கள் பரிசை மலிவு என்று சொன்ன என் நாக்கைத் தாங்கள் மன்னிக்க வேண்டும். இனிமேல் எங்கள் வீட்டில் வெள்ளை லேபிள் வராது. கல்யாணத்தன்று என் கைகள் இரண்டும் சட்டைப் பைக்குள்ளேயே இருக்கும், தேவைப்பட்டால் பையைத் தைத்து விடவும் சம்மதம். என் மேல் உள்ள கோபத்தைப் பிள்ளைகள் மேல் காட்டாமல், அந்த ஒரு தேதியை மட்டும் டயரியில் எழுதிவிடுங்கள். வேறெதுவும் கேட்கவில்லை.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கமும், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசியும், தங்கள் இடுப்புக்கு என் தனிப்பட்ட வருத்தமும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பையும் சம்பந்தத்தையும் இன்னும் எதிர்பார்க்கும்,
பெண்ணின் தகப்பன்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் ரத்து செய்கிறேன். தாள் மாறியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள், இது மகளின் பழைய நோட்டுப் புத்தகத்தில் கிழித்த கோடு போட்ட தாள், மை ஊறவே இல்லை, பாருங்கள்.

உறையை ஒட்டப் போகும்போது தங்கள் துணைவியார் என் மனைவிக்குத் தொலைபேசினார். தங்களுக்குக் கேட்கக் கூடாது என்று குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு பேசினாராம். "நாலு நாளா அவரு சரியா சாப்பிடலைங்க. தங்க எழுத்து சோப்பு வாங்கிட்டு வாங்கன்னு நான்தான் கடைக்கு அனுப்பினேன். இந்த மனுஷன் விலையைப் பாத்துட்டு சும்மா வந்து, வீட்டுல இருந்த காலி பாட்டிலைக் கழுவி, வெள்ளை லேபிள் ஒட்டின அஞ்சு லிட்டர் கேன்ல இருந்து ஊத்தி, மூடிய பசை போட்டு ஒட்டி, ரிப்பன் கட்டிட்டாரு. உங்க வீட்டுக்காரர் ஒரே பார்வையில கண்டுபிடிச்சு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாருன்னு அவமானத்துல ஓடி வந்துட்டாரு. உங்க வீட்டு துண்டு, டீ எல்லாம் பாத்து நாங்க ஏற்கனவே பயந்துபோயிருந்தோம், இவ்வளவு வசதியா வளந்த பொண்ணு நம்ம வீட்டுல எப்படி இருப்பான்னு. இப்ப எந்த முகத்தை வெச்சுக்கிட்டு உங்ககிட்ட பேசறதுன்னு தவிக்கறாரு."

ஐயா, நான் கண்டுபிடிக்கவே இல்லை. புது பாட்டில் மூடியைச் சுற்றி இருக்க வேண்டிய முத்திரை வளையம் இல்லாததைக் கூடப் பார்க்கவில்லை. முப்பத்தொரு வருஷம் லேபிள் மாற்றியவன், லேபிளைப் பார்த்து ஏமாந்து, வெள்ளை லேபிள் சோப்பில் நாலு நாள் கை கழுவி அதன் மென்மையைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதியிருக்கிறேன். அதை என் மனைவி சத்தமாகப் படித்துக் காட்டினாள். என் மகள் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், "அப்பா, அவங்க நம்ம ஜாடைப்பா" என்றாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு நாலு நாள் ஆகியிருந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டி வெளியே வந்துவிட்டது.

விரைவுத் தபால் உறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சாதாரணத் தபாலும் வேண்டாம் என்று முடிவு. நாளைக் காலை முதல் பேருந்தில் நாங்கள் மூன்று பேரும் தங்கள் வீட்டுக்கே வருகிறோம், இதை நானே கையில் கொடுத்துவிடுகிறேன். ஆகவே சம்பந்தி, (இனி தாராளமாக எழுதலாம்) தாங்கள் இந்த வரியைப் படிக்கும்போது நான் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். சாஸ் பாட்டிலை மட்டும் எட்டமாக நகர்த்தி வையுங்கள். பிறகு டயரியை எடுத்து அந்த ஞாயிற்றுக்கிழமையை எழுதுங்கள். உங்கள் வீட்டில் சாதாரண பல்புதானே, அக்காவை ஆசை தீரக் கைதட்டச் சொல்லுங்கள்.